நாலாவது பெயர்

மாவட்டத்தில் சக ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கக் கருத்தாளர்கள் வேண்டுமாம். எங்கள் தலைமையாசிரியர் என் பெயரை அனுப்ப நினைக்கிறார். திங்கட்கிழமைக்குள் சம்மதம் கேட்டிருக்கிறார். "உங்களை விட்டா யாரு சார்?" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. இனித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நான் கணித ஆசிரியர். 2018இல் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு வந்தபோது, ஆசிரியர் அறையில் அதை முதலில் ஸ்கேன் செய்து காட்டியவன். 2020இல் கொரோனா பள்ளியை மூடியபோது எல்லோருக்கும் ஆன்லைன் வகுப்பு போட்டுக் கொடுத்தவன். பள்ளித் தகவல் தளமான எமிஸில் பதிவானாலும் உதவித்தொகை விண்ணப்பமானாலும் என் மேஜைக்குத்தான் வரும். "எழுத்தாளர் சுஜாதா வளர்ந்த ஊரு சார் இது. கம்ப்யூட்டர் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று பெருமையடிப்பேன். வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்ட அந்தப் பொறியாளர், கணினியைக் கண்ணால் பார்த்திராதவனுக்கும் புரியும்படி எழுதினார். நான் அவர் ஊர்க்காரன், அவ்வளவுதான்.

'போட்டுக் கொடுத்தவன்' என்றேன். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நான் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பேன். அது பொய். அவர்களே செய்யப் பழகிவிட்டால் என்னை யார் தேடுவார்கள் என்ற பயம்.

எங்கள் தமிழம்மா மட்டும் விடவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு நாள் நாற்பது பக்க நோட்டுடன் வந்தார். எந்த பட்டனை முதலில் அழுத்துவது, அடுத்து என்ன வரும் என்று வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். "தம்பி, ஒரே ஒரு தடவை மெதுவா காட்டுங்க" என்றார். "நோட்டுல எழுதிப் படிச்சா கம்ப்யூட்டர் வராதும்மா" என்றேன். அவர் கையிலிருந்து மவுஸை வாங்கி ஒரே நிமிடத்தில் முடித்தேன். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் நோட்டை மூடினார். பிறகு அதை அவர் கொண்டு வரவே இல்லை.

அடுத்தது தை மாதத்தில் நடந்தது. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் பதிவேற்றக் கடைசி நாள். எட்டாம் வகுப்பில் மட்டும் எழுதும் தேர்வு அது. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய் வரும். மொத்தம் 48,000 ரூபாய். நான்கு பிள்ளைகள் தாமதமாக விண்ணப்பம் தந்திருந்தார்கள். முந்தைய நாள் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டிருந்தேன். அந்த நாளை வந்தபோது நான் திருவானைக்காவலில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பள்ளியின் கடவுச்சொல்லை மாற்றி என் போனில் மட்டும் வைத்திருந்தேன். அப்போதைய தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தார். பொறுப்பு தமிழம்மாவுக்கு.

இரண்டு மணிக்கு அழைத்தார். இரண்டரைக்கு அழைத்தார். மூன்றே காலுக்கு மறுபடி. மூன்றையும் பார்த்தேன். எடுக்கவில்லை. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். 'கொஞ்சம் தேடட்டும்' என்று நினைத்தேன். நினைத்தது இதுதான். இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அப்புறம் உறவுக்காரர்கள் பேச்சில் மறந்தே போனேன். இரவு வீட்டுக்கு வந்து திறந்தபோது பதிவு மூடியிருந்தது.

மறுநாள் "சர்வர் கோளாறு" என்றேன். பெற்றோர்கள் வந்தார்கள். ஒரு பெண்ணின் அம்மா ராஜகோபுரத்துக்கு அருகில் பூக்கட்டி விற்பவர். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து நின்றார். யாரோ, "அன்னிக்கு அம்மா பொறுப்புல இருந்தாங்க, அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்றார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மறுக்கவில்லை. தமிழம்மாவின் போனில் மூன்று அழைப்புகளும் பதிவாகி இருந்திருக்கும். அவர் அதைக் காட்டவில்லை. அந்தப் பூக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர்தான்.

அந்த நால்வரும் தேறியிருப்பார்களா என்பது வேறு விஷயம். தேர்வறையில் போய் உட்காரவே நான் விடவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தமிழம்மா ஓய்வுபெற்றார். பிரிவுபசார விழாவுக்கு அழைப்பிதழை நான்தான் போனில் வடிவமைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

இப்போது கருத்தாளர் பதவி. ஆம் என்று சொல்ல ஆசை. அந்த ஆசையில் பாதி மேடை. வேண்டாம் என்று சொல்லவும் தோன்றுகிறது. அது பணிவில்லை. எதிரே உட்காரும் நாற்பது பேரில் யாராவது நோட்டும் கையுமாக வந்திருப்பார்களே என்ற பயம். இப்போதைய தலைமையாசிரியருக்கு இது எதுவும் தெரியாது. திங்கட்கிழமை முதலில் இதைச் சொல்வேன். கடவுச்சொற்களையெல்லாம் எழுதி அவர் மேஜையில் வைப்பேன். அதற்குப் பிறகும் என் பெயரை அனுப்புவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

நேற்று வடக்கு உத்தர வீதியில் தமிழம்மா வீட்டுக்குப் போனேன். அழைப்பைப் பார்த்தும் எடுக்கவில்லை என்று சொன்னேன். "தெரியும் தம்பி" என்றார். காபி கொடுத்தார். பிறகு, "அந்த நாலு பிள்ளைங்க பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

மூன்று பெயர் சொன்னேன். பள்ளியின் ஏழு கடவுச்சொற்களும் எனக்கு மனப்பாடம். நாலாவது பெயர் வரவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன்.

மெதுவாகச் சொன்னார். ஒரு தாள் வாங்கி எழுதிக்கொண்டேன்.