இரண்டு நோயா, ஒன்றா?

திருவிடந்தை, திங்கள்

மகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. சோறு இறங்குவதில்லை, இப்போது படியேறினால் மூச்சும் வாங்குகிறது. சுற்றத்தார் இதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: சாப்பிடாதது பிடிவாதம், மூச்சு வாங்குவது ஆஸ்துமா. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து, கல்யாணம். இவ்வூர் நித்யகல்யாணப் பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று வருவது வரன் அமைவதற்கான பிரார்த்தனை. அதைப் பசிக்கும் மூச்சுக்கும் நீட்டினால் பக்தியும் ஆகாது, வைத்தியமும் ஆகாது.

புதன்

இது உணவுக் கோளாறாக இருக்கலாம் என்றால், “இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி” என்கிறார்கள். 1998இல் வெளியான சென்னை ஆய்வு 210 மருத்துவ மாணவர்களில் சுமார் 15 விழுக்காட்டினரிடம் உணவு குறித்த மனஉளைச்சலைக் கண்டது. முற்றிய நோய் அல்ல, மிதமான வடிவம்தான். ஆனாலும் இங்கே இருக்கிறது.

வெள்ளி

அரை இட்லி.

ஞாயிறு

லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல் தம் காசநோய் நூலில் பசியற்று மெலிந்த இளம்பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். எலும்பும் தோலுமான உடம்பு; காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூச்சுத்திணறலும் இல்லை. பிறகு மயங்கி விழுந்து இறந்தாள். அப்படியானால் மூச்சுத்திணறல் வேறு நோய்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்துமா, இரத்தசோகை, இதயக் கோளாறு எல்லாம் உண்டா என்று பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அந்தப் பெண்ணிடம் இல்லாதது எவரிடமும் வராது என்றாகிவிடாது. உதரவிதானமும் தசைதான், பட்டினியில் தொடை கரைவதுபோல் அதுவும் கரையும். வாந்தியெடுத்து வந்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென வயிறு முட்ட ஊட்டினால் பாஸ்பேட் சரிந்து மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். “அதட்டியாவது ஊட்டு” என்பது (சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள்) உயிருக்கே உலை வைக்கலாம்.

செவ்வாய்

வயது வந்தவளை மருத்துவமனைக்கு எப்படி இழுத்துப் போவது? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே முதலில் கேட்கிறது. தன்னைப் பேணிக்கொள்ள இயலாமல் ஆபத்தில் இருப்பவரை, இரு வல்லுநர்கள் பார்த்த பிறகே, சம்மதமின்றிச் சேர்க்க முடியும். அது கடைசி வழி. நோய் ஒன்றுதான் என்றால் எந்த வாசல் வழியாகவும் உள்ளே போகலாம். மூச்சுக்காகப் பொதுமருத்துவரிடம் போகலாம். சாப்பாட்டு விஷயத்தையும் அவள் எதிரிலேயே, ஒளிக்காமல், சொல்லிவிடவேண்டும். ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் பரிசோதனைகளைக் கேட்டு வாங்கவேண்டும்.

சனி

மூச்சுக்கு மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள். சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சம்மதிக்கவில்லை.