23 நீலத்திரைகள்

பழைய கணினி அடிக்கடி நின்று போவது வேறு, புதிதாகப் பூட்டிய கணினி நின்று போவது வேறு. பழையதென்றால் "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது, இன்றைக்கு என்ன மாறியது?" என்று கேட்கலாம். புதியதற்கு நேற்று என்ற ஒன்றே இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டும் மற்றதை முதன்முறையாகச் சந்திக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கணினியை நானாவும் நானும் சேர்ந்துதான் பூட்டினோம். மாரி வெள்ளாமை வெட்டிய காசில் ஒரு பங்கை வாப்பா அதற்கென்று ஒதுக்கித் தந்தார். நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். பைதன் நிரல்களைப் போனில் எழுதிப் பழகுவது, ஊசித் துவாரத்தால் ஊரைப் பார்ப்பது போன்றது. கொழும்பில் வேலை செய்யும் நானா அங்கே ஒரு கடையில் சாமான்களை வாங்கி, இரவு பஸ்ஸில் கல்முனைக்கு மடியில் வைத்துக்கொண்டே வந்தார். புரொசசர், தாய்ப்பலகை, 8 ஜிபி ரேம் இரண்டு, எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, பெட்டி. தனியான கிராபிக்ஸ் கார்ட் வாங்கக் காசு போதவில்லை. புரொசசருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி உள்ள வகையை எடுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை பூட்டி முடித்தோம். ஞாயிறு இரவு நானா திரும்பிப் போனார். செவ்வாய்க்கிழமை முதலாவது நீலத்திரை வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. "புதுச் சாமான், கண்ணூறுதான் புள்ள" என்று சொல்லி உம்மம்மா ஓதி ஊதிவிட்டார். உம்மா கரண்டைக் குறை சொன்னார். மாமா வந்து பெட்டியில் கையை வைத்துப் பார்த்து, "சூடு. இந்தச் சித்திரை வெயிலுக்கு மனிசனே நிக்கேலா, இது எப்படி நிக்கும்?" என்றார். சந்தியில் போன் திருத்தும் தம்பி விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னார். கடைக்காரரும் நானாவிடம் அதையேதான் சொன்னாராம். வாப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கணினி தானாக நின்று மறுபடி தொடங்கும்போது எழும் அந்தச் சின்ன "பீப்" சத்தம் கேட்டால், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இத்தனைக்கும் அவர்கள் சொன்ன ஒன்றும் முட்டாள்தனமானதல்ல. வேறொரு கணினியில் ஒவ்வொன்றும் சரியான காரணமாக இருந்திருக்கலாம். இந்தக் கணினியில் எது என்பதுதான் கேள்வி. கடை கல்முனையில் இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். அதுவோ ஓர் இரவுப் பயணத் தூரத்தில் இருக்கிறது. எந்தத் துண்டு பழுது என்று தெரிந்தால் அதை மட்டும் அனுப்பலாம்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு நான்கு நிரல்கள் வைத்தேன்: திகதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, திரையில் வந்த எழுத்து. நீலத்திரையில் ஒரு சோகமான முகம் வரும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் நிறுத்தக் குறியீடு இருக்கும். எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள், எழுத்தைப் பார்ப்பதில்லை. 11 நாட்களில் 23 வரிகள் சேர்ந்தன. ஒரு நாள் "மெமரி மனேஜ்மென்ட்", இன்னொரு நாள் "பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா", பிறகு "ஐ.ஆர்.கியூ.எல். நொட் லெஸ் ஓர் ஈக்குவல்". ஐந்து வகையான குற்றப்பத்திரிகைகள். முதலில் இது என்னைக் குழப்பியது. பிறகு அந்தக் குழப்பமே ஒரு தடயம் என்று பட்டது. ஒரு மென்பொருள் பழுதென்றால் பெரும்பாலும் அதே இடத்தில், அதே பெயரைச் சொல்லித்தான் விழும். ஒவ்வொரு முறையும் வேறொருவரைக் காட்டுகிறதென்றால், எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் ஏதோ ஒன்று பழுதாக இருக்க வேண்டும்.

சூடா? 23 வரிகளில் 9 சுபஹ் தொழுகைக்குப் பிந்தியவை. ஒருமுறை, இரவு முழுவதும் அணைந்திருந்த கணினி போட்ட 4 நிமிடங்களிலேயே விழுந்தது. பயொஸ் திரையில் புரொசசரின் வெப்பநிலை 50 பாகையைத் தாண்டவே இல்லை. மாமாவின் கட்சி அத்தோடு பலவீனமானது. கரண்டா? மின்சாரம் திடீரென்று குறைந்தால் கணினிக்கு நீலத்திரை காட்டவும் நேரம் இருக்காது, அப்படியே இருண்டுவிடும். எங்களுடையது ஒவ்வொரு முறையும் திரையைக் காட்டி, குறிப்பும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனது. விண்டோஸா? என்னுடைய கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு அதையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றது. இன்னும் வந்து சேராத விண்டோஸைக் குறை சொல்ல முடியாதல்லவா?

இன்னொரு விடயமும் இருந்தது. சில வேளைகளில் விழுவதற்கு முன்பு திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சிறு கட்டங்கள் சிதறும். எங்கள் கணினியில் படம் காட்டும் பகுதிக்கென்று தனி நினைவகம் இல்லை, ரேமில்தான் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. படமும் கெடுகிறது, நிரலும் கெடுகிறது என்றால் இரண்டும் உட்காரும் பாய் ஒன்றுதான்.

ரேம் பெட்டியில் 3200 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அந்த வேகம் தானாக வருவதில்லை. பயொஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் போட்டால்தான் வரும், இல்லாவிட்டால் ரேம் அதைவிடக் குறைந்த அடிப்படை வேகத்திலேயே ஓடும். புதிய கணினிகள் தடுமாறுவதற்கு இந்த அமைப்பும் அடிக்கடி காரணமாகிறது. அதை நிறுத்திப் பார்த்தேன். விழுவது குறைந்தது, ஆனால் ஓயவில்லை.

பிறகுதான் மெம்டெஸ்ட் 86. இது விண்டோஸ் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே தொடங்கும் ஒரு பரிசோதனை. ரேமின் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதுதான் வந்ததா என்று பார்க்கும். இஷா தொழுதுவிட்டுப் போட்டேன். ஒரு மணித்தியாலம் ஆகுமுன்பே சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. எதிர்பார்த்த எண்ணையும் கிடைத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியிருந்தது. இரும எண்ணாக மாற்றிப் பார்த்தால் 32 பிட்டுகளில் ஒன்றுதான் வித்தியாசம். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் சுழியம். எல்லா வரிகளிலும் அதே இடத்துப் பிட்.

ஒரு பிட் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 2003 மே 18இல் பெல்ஜியத்தில் தேர்தல் நடந்தது. பிரசல்ஸ் பகுதியிலுள்ள ஸ்கார்பீக்கில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு வாக்கெண்ணிக்கையில் 4096 வாக்குகள் மேலதிகமாக விழுந்திருந்தன. 4096 என்பது 2 இன் 12ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரேயொரு பிட் சுழியத்திலிருந்து ஒன்றாக மாறினால் வரக்கூடிய வித்தியாசம் அது. காரணம் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் அவர்கள் சொன்ன விளக்கம் அதுதான். எங்கள் கணினி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, என் பைதன் பயிற்சிகளைத்தான் தின்றது.

ரேமில் பிழை என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. ரேம் துண்டு பழுதா, அல்லது தாய்ப்பலகையில் அது செருகப்படும் ஸ்லொட் பழுதா? வகுப்பில் போடும் உண்மை அட்டவணை போலவே போட்டேன். துண்டு இரண்டு, ஸ்லொட் இரண்டு, ஆக நான்கு இரவுகள். கரண்ட் வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். "பொம்புளப் புள்ளைக்கு ஏன் இந்த வேல, கரண்ட் அடிச்சிரும்" என்று மாமா ஒருமுறை சொன்னார். வயர் கழன்று தரையில் கிடப்பதை வாப்பாவே அவருக்குக் காட்டினார். நான்காம் நாள் காலையில் அட்டவணை நிரம்பியிருந்தது. முதலாவது துண்டு எந்த ஸ்லொட்டிலும் பிழை காட்டவில்லை. இரண்டாவது துண்டு இரண்டிலும் காட்டியது.

நானா கடைக்குப் போய், அங்கிருந்தே என்னை அழைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டார். கடைக்காரர், "சொஃப்ட்வெயாரா இருக்கும், தங்கச்சி. வீட்டுல பெரியாக்கள் யாராவது இருந்தாக் குடுங்களேன்" என்றார். "அவதான் எல்லாம் பார்த்த. அவவோடயே பேசுங்க" என்றார் நானா. நான் நான்கு இரவுகளையும் ஒழுங்காகச் சொன்னேன். எந்தத் துண்டு, எந்த ஸ்லொட், எத்தனை பிழை. மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சிவப்பு வரி வந்த படம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. உத்தரவாதக் காலம் முடியவில்லை, ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில் வந்த சோடி என்பதால் நல்லதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றார். அது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றையாவது வைத்துக்கொண்டு படித்திருக்கலாம்.

கொழும்புக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டையும் அவை வந்த பிளாஸ்டிக் தட்டிலேயே வைத்துக் கொடுத்துவிட்டோம். ஒன்பது நாட்கள் மேசையில் வெறும் பெட்டிதான். தங்கச்சி அதன்மேல் புத்தகம் அடுக்கத் தொடங்கிவிட்டாள். புதிய சோடி வந்ததும் விண்டோஸைத் தொடுவதற்கு முன்பு இரவு முழுவதும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டேன். நான்கு சுற்றுகள், பிழை 0. வாப்பா சுபஹுக்கு எழும்பியபோது திரையில் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்து, "இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நல்லது என்றேன். வுழூச் செய்யப் போய்விட்டார்.

கொப்பியில் 24ஆம் வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. மற்றப் பக்கத்தில் மாமாவின் லெப்டொப்பைத் தொடங்கியிருக்கிறேன். அவருடையது உண்மையிலேயே சூடுதான், விசிறி முழுக்கத் தூசு.