ஒன்பது வோல்ட் பேட்டரியும் ஓர் ஐயமும்

கல்லூரி விடுமுறையில் வந்த எங்கள் மகன், பழைய தையல் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிக் கம்பி சுற்றும் கருவி ஒன்றைச் செய்துகொண்டான். தலைமுடி போன்ற செம்புக் கம்பி மூச்சுக்காற்றுக்கே அறுந்துவிடுமோ என்றிருந்தது. எதற்கென்று கேட்டோம். "பேஸ் கிதாருக்குப் பிக்கப் செய்கிறேன், வாப்பா" என்றான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நரம்பிசைக் கருவிகள் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான அறிஞர்களின் நிலை. தடைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் குறை கண்டு, மாற்றுக் கருத்துக் கொண்ட இப்னு ஹஸ்ம் போன்றோரும் உண்டு. நாங்கள் முதல் கருத்தில் வளர்ந்தவர்கள். ஆயினும் நாகூர் ஹனீபாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்ததும் நாங்கள்தாம். அவற்றில் இசைக்கருவிகள் ஒலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எனவே மகனை அதட்டுமுன், அவன் செய்வது இன்னதென்று அறிய விரும்பினோம்.

காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளே பிக்கப். அதன்மேல் உருக்குத் தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அது போதிய வலிமையுடன் வரவேண்டுமென்று வழக்கமான கிதார் பிக்கப்புகளில் ஏழாயிரம், எண்ணாயிரம் சுற்றுகள் சுற்றுகிறார்கள். சுற்றுகள் கூடக்கூட இம்பிடன்ஸ் எனப்படும் மின்னெதிர்ப்பும் ஏறுகிறது. அப்போது ஆறு மீட்டர்க் கேபிளும் ஒரு மின்தேக்கியாக நின்று உயர்ந்த ஒலிகளை விழுங்கிவிடுகிறது. சுமார் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரிகிறது. கேபிளை மாற்றினால் குரலே மாறுகிறது. மகன் ஆயிரம் சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டான். சுற்று எட்டில் ஒன்றானால் தூண்டல் அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடுமாம். கேபிள் எவ்வளவு நீண்டாலும் ஒலி ஏறக்குறைய மாறாது. பள்ளிவாசலில் குத்பாவுக்கு வைக்கும் மூன்று முனை மைக்கும் இதே காரணத்துக்காகத்தான் குறைந்த இம்பிடன்ஸில் செய்யப்படுகிறது என்று அவன் சொன்னபோது எங்களுக்கு ஓரளவு புரிந்தது.

இது புதிய எண்ணமன்று. லெஸ் பால் என்ற அமெரிக்கக் கலைஞர் இவ்வகைப் பிக்கப்பையே விரும்பினார். கிப்சன் நிறுவனம் 1969இல் அவர் பெயரில் அத்தகைய கிதார்களை வெளியிட்டது. அவை அவ்வளவாக விற்கவில்லை. பின்னர் அலெம்பிக், இஎம்ஜி போன்ற நிறுவனங்கள் பேட்டரியில் இயங்கும் முன்பெருக்கியைக் கருவிக்குள்ளேயே வைத்து இதை நிலைநாட்டின.

முன்பெருக்கி இன்றியமையாதது, சுற்று குறைந்தால் மின்னழுத்தமும் எட்டில் ஒன்றாகிவிடும். அதை எட்டு மடங்காக்கும்போது பெருக்கியின் சொந்த இரைச்சலும் உடன் வளர்கிறது. மகன் முதலில் டிஎல்062 என்ற சில்லைப் பொருத்தினான். அது மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் ஒன்பது வோல்ட் பேட்டரி மாதக்கணக்கில் உழைக்கும். ஆனால் "உஸ்" என்ற ஓசை அடியில் இருந்துகொண்டே இருந்தது.

அந்தப் பிக்கப் அவனுடைய கிறிஸ்தவ நண்பனுக்கு. தேவாலயத்தில் பேஸ் வாசிப்பவன். அதற்கு ஒரு தொகையும் பேசியிருந்தார்கள். அங்கேதான் எங்கள் மனம் இடறியது. ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கற்ற கல்வியை விடச் சொல்லவில்லை. இந்தக் கூலியை மட்டும் ஐயத்துக்குரியதாகக் கருதி ஒதுங்கச் சொன்னார். மகனுக்கு அது எளிதாயில்லை. வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் கம்பிக்கும் காந்தத்துக்கும் ஆன செலவை மட்டும் பெற்றுக்கொள்வதாக நண்பனிடம் சொன்னான். அதுவும் சரிதானா என்று எங்களில் ஒருவருக்கு இன்றும் நெருடல் உண்டு.

நண்பன் வாசித்துப் பார்த்து மகிழ்ந்தான். இரைச்சலை அவன் கவனிக்கவேயில்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைக்காதது ஏன் என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியைச் சிறுவயதில் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. "அடியில் ஓர் இரைச்சல் இருக்கிறது, கேள்" என்று அவனே ஒலியைக் கூட்டிக் காட்டி, கருவியைத் திரும்ப வாங்கி வந்தான்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் என்இ5532 என்ற சில்லைப் பொருத்தினான். இரைச்சல் அடங்கிவிட்டது, ஆனால் இது எட்டு மில்லியாம்பியர் அளவு எடுப்பதால், செருகியை எடுக்காமல் விட்டால் பேட்டரி இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதையும் ஒரு தாளில் எழுதிக் கருவியோடு கொடுத்தனுப்பினான். அடுத்த வாரமே நண்பன் செருகியை எடுக்க மறந்து, இரண்டாம் பேட்டரி வாங்கினானாம்.