அத்தையும் ரப்பர் செடியும்

நாவல் மரத்தால் பேர் பெற்ற ஊர் எங்கள் திருநாவலூர். இங்கே போய் ஒருத்தி ரப்பர் செடியைத் தொட்டியில் வைத்துக் கூடத்தில் வளர்க்கிறாள் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள்?

சென்னையிலிருந்து நாத்தனார் கொடுத்தனுப்பிய செடி. கரும்பச்சையில் பளபளவென்று இலை. புது இலை விரியுமுன் மிளகாய்ப் பழம் போலச் சிவப்பாக ஓர் உறை. எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. மாமியாருக்கோ ஆகவே இல்லை. "பால் வடியற மரத்தை யாராவது வீட்டுக்குள்ள வெப்பாங்களா? அதுவும் சீமைச் செடி!"

சீமைச் செடியே இல்லை, அஸ்ஸாம், மேகாலயா பக்கத்துக் காட்டு மரம் அது. அங்கே நூறு அடிகூட வளரும். மேகாலயாவில் காசி இன மக்கள் இதன் வேர்களை ஓடைக்குக் குறுக்கே பின்னி வளர்த்து, உயிருள்ள பாலமாக்கி நடந்து போகிறார்கள். நம் ஆலுக்கும் அத்திக்கும் பங்காளி. கன்னியாகுமரிப் பக்கம் பால் எடுக்கிறார்களே, அந்த ரப்பர் மரம் வேறு. அதுதான் பிரேசிலிலிருந்து வந்தது. இத்தனையும் சொன்னேன். "எந்த ஊரா இருந்தா என்ன, பால் பால்தானே" என்றார் அத்தை.

போன பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். அவள் மகனுக்கு மூன்று வயது. யாரும் பார்க்காத நேரம் இலையைக் கிள்ளி, அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்துவிட்டான். அவன் வீறிட்டதில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அத்தைதான் பிள்ளையை மடியில் சாய்த்து, சொம்பு சொம்பாக நல்ல தண்ணீரைக் கண்ணில் விட்டுக்கொண்டே இருந்தார், கால் மணி நேரத்துக்குக் குறையாமல். தாய்ப்பால் விடச் சொன்ன பக்கத்து வீட்டம்மாவின் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. பிறகு உளுந்தூர்பேட்டைக்கு ஓடினோம். உடனே கழுவியதால் பிழைத்தது என்றார் டாக்டர். நாலு நாள் சொட்டு மருந்தில் சிவப்பு வடிந்தது.

அன்றிரவே செடியைத் தூக்கி எறியப் போனேன். தடுத்தது யார் தெரியுமா? அத்தையேதான்! "பண்ருட்டிப் பலாவிலயும் பால் இருக்கு. கையில எண்ணெய் தடவிக்கிட்டு அறுக்கலை? உசரமா வையி, போதும்."

இப்போது செடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத ஜன்னல் மேடையில். கிளை நறுக்கினால் கையில் தேங்காய் எண்ணெய், வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். தினமும் ஊற்றினால் இலை பழுத்துக் கொட்டிவிடும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலை துடைக்கிற வேலையை அத்தையே எடுத்துக்கொண்டு விட்டார்.

வருகிற பொங்கலுக்கும் தங்கை வருகிறாளாம். வாசற்படி ஏறியதும் அவள் கண் அந்த மேடைக்குத்தான் போகும்.