களைத்த செவியும் களைத்த மனமும்

பதிவு செய்யப்பட்ட இசைக்கு மாற்றம் என்பதில்லை. எந்த நாளில், எந்த மூச்சில் அது வாசிக்கப்பட்டதோ, அந்த மூச்சோடு அது நிலைத்துவிட்டது. காலையில் கேட்பினும் நள்ளிரவில் கேட்பினும் ஒரு ஸ்வரம் கூடுவதுமில்லை. ஒரு தட்டுக் குறைவதுமில்லை. அவ்வாறிருக்க, காலையில் நம்மை உருக்கிய வாசிப்பு இரவில் வெறும் ஓசையாகத் தேய்ந்து போவது ஏன்? காலையில் கவனியாது விட்ட ஒரு நெளிவு, களைத்துச் சாய்ந்த இரவில் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவதும் ஏன்? மாறியது இசையன்று எனில், மாறியவர் நாமே. அம்மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வதில் ஒரு நன்மை உண்டு. அறியாதிருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு.

அச்சுப்படி திருத்துவது நம் தொழில். பகலெல்லாம் ஒற்றையும் கொம்பையும் தேடித் தேடிக் கண்களும் கருத்தும் சோர்ந்த பின், வீட்டார் உறங்கிய பொழுதில், ஹெட்போனை அணிந்து ஷேக் சின்ன மௌலானா அவர்களின் நாகசுரத்தைக் கேட்பது நம் நெடுநாள் வழக்கம். 1924ஆம் ஆண்டு ஆந்திர நாட்டில் பிறந்து, திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999இல் மறைந்தவர் அப்பெருமகனார். அவர் வாசித்த ஓர் ஆலாபனையை விடியலிலும் கேட்டிருக்கிறோம். வேலை முடிந்த இரவிலும் கேட்டிருக்கிறோம். இரண்டும் ஒன்றாய் இருந்ததில்லை.

நாகசுரம் திறந்த வெளிக்கென்றே அமைந்த வாத்தியம். வீதியையும் பந்தலையும் நிறைக்கும் அவ்வொலி, ஹெட்போனில் இரண்டு காதுகளுக்கு நடுவே, நம் தலைக்குள்ளிருந்தே எழுவதுபோல் தோன்றும். இதற்குக் காரணம் உண்டு. வெளியே ஒலிக்கும் இசையைக் காதுமடலும் தலையும் தோளும் சற்றே மாற்றி, அது எத்திசையிலிருந்து வருகிறது என்று மூளைக்கு உணர்த்துகின்றன. நாம் தலையைத் திருப்பினால் ஒலி தன் இடத்திலேயே நிற்கிறது. ஹெட்போனிலோ தலை திரும்பினால் இசையும் கூடவே திரும்புகிறது. அங்கே அறையில்லை, தூரமில்லை, அண்டை வீட்டு அரவமும் பெரும்பாலும் இல்லை. ஆகவே நம்முள் நிகழும் சிறு மாறுதலையும் மறைப்பதற்கு அங்கே திரை எதுவும் இல்லை.

களைப்பு என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் இரண்டு. ஒன்று செவியின் களைப்பு. மற்றொன்று மனத்தின் களைப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுண்டு. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று.

முதலில் செவியைப் பார்ப்போம். ஒவ்வொரு காதின் உட்பகுதியிலும் நத்தைக்கூடு போன்ற எலும்பறை ஒன்றில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 3,500 அணுக்களே ஒலியை நரம்புக்கு எடுத்துரைப்பவை. ஏனைய அணுக்களின் வேலை, மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது. நெடுநேரம் பேரொலியில் உழன்றால் இப்பணியாட்கள் சோர்ந்துவிடுகின்றனர். அப்போது மெல்லொலிகள் செவிக்கு எட்டுவதில்லை. குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலிகள் முதலில் மங்குகின்றன. தாளத்தின் கிண்கிணியும், சீவாளியில் காற்று உரசும் நுண்ணொலியும் மறைந்து, இசைமீது கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். இந்த மங்கல் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நீங்கிவிடும்.

நம் சகோதரியின் மகன் ஒருவன் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் இரவு வந்து, "மாமா, இந்த ஹெட்போன் போயிடுச்சு. பாட்டெல்லாம் அடைச்ச மாதிரி கேக்குது. முழுசா வச்சாத்தான் காதுல விழுது" என்றான். வாங்கிக் கேட்டோம். நம் காதுக்கு அது பழுதற்றதாகவே ஒலித்தது. "இப்போது கழற்றி வை, வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, சுபுஹுக்குப் பிறகு கேட்டுப் பார்" என்றோம். அவ்வாறே கேட்டவன், "மாமா, இது நல்லாத்தான் இருக்கு" என்று வியந்தான். பழுது கருவியில் இல்லை. எட்டு மணி நேரம் தறியோசையில் நின்ற அவன் செவியில் இருந்தது.

இதில் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. களைத்த கால் நமக்கு வலியால் சேதி சொல்கிறது, நாம் உட்கார்ந்துவிடுகிறோம். களைத்த கண் எரிகிறது, மூடிக்கொள்கிறோம். களைத்த செவியோ வலிப்பதில்லை. அது "எனக்கு ஓய்வு கொடு" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்னும் உரக்க வை" என்று கேட்கிறது. தாகத்துக்கு உப்பு நீரைக் கேட்கும் மனிதனின் நிலை அது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவின்படி, 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகிறது. 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரமே. விசைத்தறிக் கூடங்களில் 90 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசை அரியதன்று. எனவே அங்கே காதடைப்பான் இன்றி நிற்கும் ஒருவன், அரை நாளிலேயே ஒரு வாரத்துப் பங்கைச் செலவழித்துவிடுகிறான். அதன்மேல் இரவில் பாட்டையும் உச்சத்தில் வைத்தால், கடனுக்கு மேல் கடன்.

"காலையில்தான் தெளிந்துவிடுகிறதே" என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. 2009ஆம் ஆண்டு குஜாவா, லிபர்மன் என்னும் ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். பேரொலிக்குப் பின் எலிகளின் கேள்திறன் சோதனையில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆயினும் மயிரணுக்களை நரம்போடு இணைக்கும் முனைகளில் பல மீளாமலே அழிந்திருந்தன. அழிந்த மயிரணுக்கள் பறவைகளுக்கு மீண்டும் முளைக்கும் என்று 1988இல் அறிவியலார் எழுதினர். மனிதருக்கோ அவை முளைப்பதில்லை. குயிலுக்குக் கிடைத்த வாய்ப்பு, குயிலின் குரலைக் கேட்டு மகிழ்வோர்க்குக் கிடைக்கவில்லை.

இனி, மனத்தின் களைப்பு. அமைதியான அறையில் எழுத்து வேலை பார்த்தவரின் செவிக்குப் பெருஞ்சோர்வு ஏதுமில்லை. ஆயினும் இசை அவருக்கு வேறாக ஒலிக்கிறது. ஆலாபனை என்பது நினைவையும் எதிர்பார்ப்பையும் கொண்டு நெய்யும் துணி. சற்று முன் தொட்ட ஸ்வரத்தை நினைவில் வைத்திருந்தால்தான், இப்போது வரும் ஸ்வரத்துக்குப் பொருள் உண்டு. உறக்கம் தள்ளும் மனம் இடையிடையே சில நொடிகள் கண்ணயர்ந்துவிடுகிறது. அதை நாம் அறிவதுகூட இல்லை. இழை அறுந்த இடத்தில் துணி கிழிந்து, "இன்று வாசிப்பில் சாரமில்லை" என்று நமக்குத் தோன்றுகிறது. கொட்டாவி விடும்போது பாருங்கள்: காதினுள் இருக்கும் சிறு தசை செவிப்பறையை இறுக்குவதால், அந்தக் கணம் பாட்டே எங்கோ தொலைவுக்குப் போய்விடும்.

மற்றொன்றும் உண்டு. இரவில் நாம் ஒலியைத் தாழ்த்திக் கேட்கிறோம். ஒலி குறையக் குறையச் செவி தாழ்ந்த சுருதிகளையே அதிகம் இழக்கிறது. இதனைப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். ஆகவே நள்ளிரவில் நாகசுரம் நிற்க, தவிலின் அடியொலி பின்வாங்குகிறது. காலையில் தவிலோடு ஓடிய மனம், இரவில் குழலோடு தனித்து நிற்கிறது. முன்பு கவனியாத நெளிவு அப்போது நம்மைப் பிடிப்பதில் வியப்பென்ன? களைப்பு எடுத்துக்கொள்வது மட்டுமன்று. சில வேளைகளில் கொடுக்கவும் செய்கிறது. ஆராயவும் ஒப்பிடவும் வலுவற்றுப்போன மனம், வாதாடாமல் கேட்கிறது.

இரண்டு களைப்பையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. நன்கு உறங்கி எழுந்த காலையில், அமைதியான அறையில், நமக்குப் போதிய ஒலியளவு எது என்று பார்த்து, அதைக் குறித்துக்கொள்வோம். இரவில் அதே பாட்டு அதே அளவில் நன்றாகக் கேட்டும் சுவைக்கவில்லை எனில், களைத்தது மனம்; உறங்கினால் தீரும். அதே அளவில் மங்கலாக, அடைத்தாற்போல் கேட்டால், களைத்தது செவி. அப்போது விரல் ஒலியைக் கூட்டப் போகக் கூடாது. ஹெட்போனைக் கழற்ற வேண்டும். காதில் இரைச்சலும் சேர்ந்து மறுநாளும் தெளியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அம்மகனுக்கு நுரையாலான காதடைப்பான் சில வாங்கிக் கொடுத்தோம். தறிக்கூடத்தில் அதைச் செருகிக்கொள்கிறான். இப்போது இரவில் அவன் பாட்டுக் கேட்கும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பாட்டு அப்படியேதான் இருக்கிறது. ஒரு கலைஞர் மறைந்தாலும் அவர் வாசிப்பு நமக்காகக் காத்திருக்கும்; இன்றிரவு இல்லையேல் நாளைக் காலை கேட்டுக்கொள்ளலாம். காத்திருக்க இயலாதது செவி ஒன்றே.