பேரனின் ரேங்கும் நான் வாசித்த ரேங்கும்



போன வாரம் என்னிடம் படித்த ஒரு மாணவர் போன் செய்தார். இப்போது அவருக்கே பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் இருக்கிறான். "சார், எந்நேரமும் பப்ஜியில ரேங்க் ஏத்தணும்னு உக்காந்திருக்கான். சொன்னா கேக்கல. நீங்க ஒரு நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். பையனிடம் பேசினேன். நாலு வார்த்தையில் முடியவில்லை, ஒரு மணி நேரம் ஆனது. பேசி முடித்ததும் அப்பா வாங்கி, "இன்னா சார், திட்டுவீங்கன்னு பாத்தா நீங்களே அவனுக்கு விளையாடச் சொல்லிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு முகையூரில் இருந்து படிக்கிறான். மகளும் மருமகனும் வேலை காரணமாக வெளியூரில் இருக்கிறார்கள். 2024-ல் அவன் பதினொன்றாம் வகுப்பு. ராத்திரி சாப்பாடு ஆனதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவான். "அங்கடா! அங்க! டேய் அங்க!" என்று கத்துவான். அவன் ஆயா பயந்துபோய் வெளியே எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் தோற்ற ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்தான். கண்ணாடி நொறுங்கியது. அன்றைக்கு நானும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பத்து நாள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். நம் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை கரை புரண்டு ஓடியது. எங்களுக்குக் கரண்ட் இல்லை, டவர் இல்லை. போன் வெறும் கண்ணாடித் துண்டாகிவிட்டது. அகல் விளக்கு வெளிச்சத்தில் பேரன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எதையோ வரைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் ஒரு தீவின் வரைபடம்.

"இன்னாடா இது?"

"எரங்கல் மேப் தாத்தா."

பத்து நாளைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தெரியாத உறவுகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்தது. அதன் பிறகு கொரிய நிறுவனமான கிராஃப்டன் நம் நாட்டுக்கென்று 2021 ஜூலையில் விட்டதுதான் பிஜிஎம்ஐ. நடுவில் 2022 ஜூலையில் அதையும் எடுத்தார்கள். 2023 மே மாதம் திரும்ப வந்தது. பழக்கத்தில் எல்லாரும் பப்ஜி என்றுதான் சொல்கிறார்கள். 100 பேர் விமானத்தில் இருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். நாலு நாலு பேராகக் குழு. ஆயுதம், மருந்து தேடி எடுக்க வேண்டும். நேரம் போகப் போக நீலவட்டம் சுருங்கும். வெளியே நிற்பவன் உயிர் குறையும். கடைசிவரை நிற்கும் குழு ஜெயித்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம், கிரவுன், ஏஸ் என்று ரேங்க் ஏறும். அதற்கும் மேலே கான்குவரர் என்பது முதல் 500 பேருக்குள் வருபவர்களுக்குத்தான். பேரன் வைரத்தில் ஏறுவதும் பிளாட்டினத்துக்குச் சறுக்குவதுமாக நாலு மாதமாக மாட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குச் செயல்வழிக் கற்றல் ஏணி நினைவுக்கு வந்தது. 2007 வாக்கில் மாநிலம் முழுக்க அது வந்தபோது ஏணியும் அட்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை ஒரே படியில் நின்றால் அதன்மேல் கோபப்படாதே, எந்த அட்டையில் நிற்கிறது என்று பார் என்பதுதான் அதன் பாடம். பேரனிடம் கேட்டேன்: "நீ எப்படிச் சாகறேன்னு எழுதி வச்சிருக்கியா?" சிரித்தான். "அதை யார் தாத்தா எழுதுவாங்க?"

கரண்ட் வந்த பிறகு ஒரு கட்டுரை நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். எங்கே இறங்கினாய், எத்தனையாவது நிமிடத்தில் செத்தாய், எதனால், கூட யார் இருந்தார்கள், குழு எத்தனையாவது இடம். ஐந்தே கட்டம். ஆட்டம் முடிந்ததும் ரீப்ளே பார்த்து நிரப்ப வேண்டும். 30 ஆட்டம் ஆனதும் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம்.

30-ல் 17 தடவை முதல் ஐந்து நிமிடத்துக்குள் செத்திருந்தான். அதில் பெரும்பாலும் இறங்கிய இடம் 'ஸ்கூல்'. அந்தத் தீவின் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சண்டை போட ஆசைப்படுபவர்கள் எல்லாம் அங்கேதான் குதிப்பார்களாம். "34 வருஷம் நான் போன இடத்துக்கு நீ போகவேணாம்டா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்து 6 தடவை குழுவை விட்டு முன்னால் தனியாக ஓடிச் செத்தது. 4 தடவை வட்டம் சுருங்குவதைக் கவனிக்காமல் கடைசி நேரத்தில் வெட்டவெளியில் ஓடியது. எதிரெதிரே நின்று சுட்டு, எதிராளி திறமையால் தோற்றது வெறும் 3.

நாலு மாதமாக அவன் பழகியதெல்லாம் அந்த மூன்றுக்குத்தான். யூடியூப் பார்த்துத் துப்பாக்கியை மாற்றுவது, சென்சிடிவிட்டியை மாற்றுவது, நண்பன் போனில் ஜைரோ பார்த்து அதற்கு மாறுவது. மீதி 27 தடவைக்கு அவன் எதுவுமே செய்யவில்லை. கூட்டல் தெரியாத பிள்ளைக்கு வகுத்தல் வீட்டுப்பாடம் கொடுத்த கதை.

இந்த விளையாட்டில் ரேங்க் புள்ளி எத்தனை பேரைச் சுட்டாய் என்பதற்கு மட்டும் வருவதில்லை. குழு எத்தனையாவது இடம் வரை நின்றது என்பதற்கும் வருகிறது. மேல் ரேங்குக்குப் போகப் போக, சீக்கிரம் செத்தால் இருக்கும் புள்ளியும் போகும். அதனால் முதல் மாற்றம், விமானப் பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கூட்டம் குறைந்த இடத்தில் நாலு பேரும் சேர்ந்து இறங்குவது. இரண்டாவது, அடுத்த வட்டம் தெரிந்ததும் கிளம்பிவிடுவது. பஸ் கிளம்பிய பிறகு ஓடக்கூடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. "அங்கன்னா எங்கடா?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரையின் மேலே ஒரு திசைகாட்டி ஓடுகிறது. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. என் பாகைமானிப் பாடம் அப்படியே அங்கே இருக்கிறது! திசை, தூரம், அடையாளம், எத்தனை பேர், இந்த நாலையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்கினேன். "215, பக்கத்துல, கல்லு பின்னாடி, ரெண்டு பேரு." திண்ணையில் உட்கார்ந்து நான் தென்னை மரத்தைக் காட்டுவேன், அவன் பாகை சொல்வான். ஒரு வாரத்தில் கத்தல் நின்றது. வீட்டில் அவன் ஆயா நிம்மதியாகத் தூங்கினாள்.

நாலாவது, பயிற்சி. விளையாடுவது வேறு, பயிற்சி வேறு. வாய்ப்பாடு சொல்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் வேகம் வராது. தினம் 15 நிமிடம் பயிற்சி மைதானத்தில் ஒரே துப்பாக்கி, ஒரே சுவர். சுடச் சுடத் துப்பாக்கி மேலே எகிறும். அதை விரலால் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு மாதம் வரை துப்பாக்கியையோ செட்டிங்கையோ மாற்றக்கூடாது. ஐந்தாவது, தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு ரேங்க் ஆட்டம் கிடையாது. கோபத்தில் ஆடுகிற மூன்றாவது ஆட்டம்தான் புள்ளியை மொத்தமாகக் கொண்டுபோகிறது என்று நோட்டே சொல்லியது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்று விளையாட்டிலேயே கட்டுப்பாடு உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரு மணி நேரம். பள்ளி நாளில் ராத்திரி 9 மணிக்கு மேல் இல்லை.

இதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இனிமேல் எழுதப்போவது அப்படியல்ல.

நோட்டில் 'கூட யார்' என்ற கட்டம் இருந்ததல்லவா? அவன் குழுவில் ஒரு பையன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பேரனின் கூட்டாளி. சுடத் தெரியாது, பழைய போன், திக்கித் திக்கி ஓடும். ரேங்க் இறங்குவதற்கு அவன்தான் காரணம் என்று பேரன் அவனைக் கண்டபடி பேசி, குழுவை விட்டு நீக்கிவிட்டான். அந்தப் பையன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

30 ஆட்டத்தில் முதல் 12 ஆட்டம் அவன் இருந்தான். பின் 18 ஆட்டம் இல்லை. பேரனைச் சராசரி எடுக்கச் சொன்னேன். அவன் இருந்தபோது குழுவின் சராசரி இடம் 7. இல்லாதபோது 15. பேரன் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். விடை மாறவில்லை. சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தோம். யாராவது அடிபட்டு விழுந்தால் புகைக்குண்டு போட்டு, தவழ்ந்துபோய்த் தூக்கிவிடுவது அந்தப் பையன். தூக்கிவிட 10 விநாடி ஆகும். அந்த 10 விநாடியும் அவன் சுடப்படலாம். மற்றவர்கள் துப்பாக்கி பொறுக்கும்போது அவன் மருந்து பொறுக்கியிருக்கிறான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே பல ஆட்டங்களில் 0 என்று இருக்கும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1993-ல் ஏழாம் வகுப்பில் 43 பேர். அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு கொடுக்கும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கடைசி ரேங்கிலிருந்து வாசிப்பேன். 43-ஐ எழுந்து நிற்கச் சொல்லி, முதல் ரேங்க் வரும்வரை உட்கார விடமாட்டேன். வெட்கப்பட்டால் படிப்பான் என்று நம்பினேன். ஆசிரியர் பயிற்சியில் எனக்கு அப்படி யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. என்னை அடித்த வாத்தியார்களிடமிருந்து நானாகக் கற்றுக்கொண்டது.

அந்த 43, மழை வந்தால் யாரும் சொல்லாமல் ஒழுகும் இடத்தில் வாளி வைப்பான். சாயங்காலம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கரை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்புறம் தன் வீட்டுக்குப் போவான். வகுப்பில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். அதற்கெல்லாம் என் ரேங்க் கார்டில் கட்டம் இல்லை. நானும் போடவில்லை. மூன்று தேர்வுக்கு நின்றான். எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றுவிட்டான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். 2017-ல் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது, நல்ல காரியம் என்று ஆசிரியர் அறையில் நானும் பேசினேன். அப்போதுகூட அவன் நினைவு எனக்கு வரவில்லை. ஒரு செல்போன் விளையாட்டில் வந்தது.

மறுநாள் பேரனிடம் இதைச் சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எட்டு மணிக்கு இரண்டு பேரும் திண்ணையில் இருந்தார்கள். அவன் ஆயா இரண்டு பேருக்கும் அடை வார்த்துக் கொடுத்தாள்.

விஷயத்தை முடித்துவிடுகிறேன். அடுத்த சீசனில் குழு கிரவுன் தொட்டது. அதற்கடுத்த சீசனில் ஏஸ். கான்குவரர் ஆகவில்லை, ஆகவும் மாட்டார்கள், ஒரு மணி நேரத்தில் அது முடியாது என்று அவர்களுக்கே தெரியும். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் இதனால் கூடியதா என்றால், இல்லை. குறையவும் இல்லை. இப்போது கணக்குப் பாடத்திலும் தப்பு நோட்டு என்று ஒன்று வைத்திருக்கிறான். அது நான் சொல்லாமல் அவனாகச் செய்தது.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கை. பணம் கொடுத்தால் ரேங்க் ஏற்றித் தருகிறேன் என்று பிள்ளைகளிடம் பாஸ்வேர்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். பணமும் போகும், கணக்கும் போகும். காசு கொடுத்து வாங்கும் உடையும் துப்பாக்கி வண்ணமும் புள்ளியைக் கூட்டாது. இன்னொன்று, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு வேறு, இது வேறு. அதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளை அதே சட்டம் ஏற்கிறது. பிள்ளை எதை ஆடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திட்டுவதற்கு முன்னால் ஒரு ஆட்டம் முழுசாகப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1993 ஏழாம் வகுப்பு மாணவர்களே, நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. கமெண்டிலும் எழுத வேண்டாம். அவன் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவனுக்கு இப்போது 44, 45 வயது இருக்கும். ஊருக்கு வரச் சொல்ல மாட்டேன். அவன் எங்கே இருந்தாலும் நான் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
முகையூர்.