ஆடும் படத்துக்கு ஓர் அசையாத நகல்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார்கள். தென்காசியில் நான் பார்க்கப் போனவரின் கவலை வேறு: யுபிஎஸ் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும்? மாலைக்குள் மூன்று கட்டுரைகள் போயாக வேண்டும்.

சென்னையில் இருக்கும் ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்தில் அவருக்கு வேலை. 2020 பொதுமுடக்கத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் உருவாகின்றன. படிக்கிற பேராசிரியர்களில் பலருக்கே இது தெரியாது. பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-இல் அலுவலகம் திறந்ததால் கணினி வேலை இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. ஆனாலும் இவர் வேலையை வீட்டில் விளக்க முடியவில்லை. “படத்துக்கு டேக் போடுதேன்னு சொன்னா, கல்யாண ஆல்பமான்னு கேக்காவ அண்ணாச்சி.”

வெளியாகாத கட்டுரையை யாருக்கும் காட்டக் கூடாது. அதனால் தன் வேலையை எனக்கு விளக்க, 2014-இல் எஃப்1000ரிசர்ச் இதழில் வந்த ஒரு பழ ஈ ஆய்வைத் திறந்தார். எழுதியவர்கள் ஜூலியன் கொலோம்ப், பியோர்ன் பிரெம்ப்ஸ். ஒரே ரகம் என்று நம்பி வெவ்வேறு ஆய்வகங்கள் வளர்த்த ஈக்கள், நடையில் வேறுபடுவதைச் சொல்லும் கட்டுரை அது. அதில் ஒரு வரைபடம், வாசகரே கணக்கின் அளவுகளை மாற்றிப் பார்க்கும் வசதியோடு வெளியானது. இன்னொன்றில் பிற ஆய்வகங்களும் தங்கள் தரவைச் சேர்க்க வழி வைத்திருந்தார்கள்.

இப்படி ஒரு ஃபிகர் மேசைக்கு வந்தால் இவர் முதலில் செய்வது, வைஃபையை அணைப்பது. கட்டுரையாசிரியர் அனுப்பிய ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் எச்டிஎம்எல் கோப்பைத் திறக்கிறார். திரை வெள்ளையாக நின்றால், படம் தன் நிரலையோ தரவையோ வேறு யாருடைய சர்வரிலிருந்தோ கடன் வாங்குகிறது என்று அர்த்தம். அந்த சர்வர் மூடப்படும் நாளில் படமும் போய்விடும். உடனே ஆசிரியருக்கு ஒரு கொயரி. அது சரியான பிறகுதான், கட்டுரையின் பகுதிகளை டேக் போட்டுக் குறிக்கும் எக்ஸ்எம்எல் வேலை. ஜாட்ஸ் என்ற தரத்தில் ஒரே படத்தின் பல வடிவங்களைச் சேர்த்து வைக்க ஒரு டேக் உண்டு. அதற்குள் ஆடும் படம் ஒன்று, அசையாத நகல் ஒன்று. பிடிஎஃப்புக்குப் போவது நகல்.

அந்த நகலை எந்த நிலையில் எடுப்பது? இதில்தான் கைப்பக்குவம். உதாரணமாக, ஒரு படத்தின் கேப்ஷன் பத்தாம் நாளுக்குப் பிறகு வரும் சரிவைப் பேசுகிறது. படமோ திறந்ததும் முதல் ஐந்து நாளை மட்டும் காட்டுகிறது. அப்படியே எடுத்துப் போட்டால் பிடிஎஃப்பில் படிப்பவர் இல்லாத சரிவைத் தேடுவார். இவர் கேப்ஷனை இரண்டு முறை படிக்கிறார், கீழே உள்ள பட்டையை இழுத்துச் சரிவு தெரியும் இடத்தில் நிறுத்துகிறார், பிறகு எடுக்கிறார். பக்கக் கணக்கில் விலை பேசும் தொழில் இது. கால் பக்கப் படம் அரை நாளைத் தின்றாலும் கணக்கில் அது கால் பக்கம்தான். இது நியாயமாக எனக்குப் படவில்லை.

“படம் ஆடுதது பெருசில்ல அண்ணாச்சி. ஆட்டம் நின்னாலும் என்ன சொல்லுதுன்னு தெரியணும்லா.”

ஆட்டம் நின்ற கதை உண்டு. உலாவியில் ஆடும் படங்களை ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயரை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடுவதையே தடுத்தது. ஃப்ளாஷில் செய்து, நகல் வைக்காமல் விட்ட படங்களின் இடத்தில் காலிப் பெட்டிதான் மிச்சம். இயந்திரக் கற்றலை ஆடும் படங்களால் அழகாக விளக்கிய டிஸ்டில் இதழும் அதே 2021-இல் வெளியீட்டை நிறுத்திவைத்தது. ஆசிரியர் குழுவின் களைப்பை அவர்களே ஒரு காரணமாக எழுதினார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. யுபிஎஸ் கீச்சிட, அவர் கோப்பைச் சேமித்தார்.

ஆய்வுக் கட்டுரை எழுதும் வாசகர்களிடம் அவர் சொல்லச் சொன்னது: ஜிப்புக்குள் தரவுக் கோப்பையும் வையுங்கள், நகலை எந்த நிலையில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.